ஒரே புறக்கடையில் கோழியும் முயலும்

கோழி இல்லாத புறக்கடையை நம் கிராமங்களில் காண்பது அரிது. விதைத்துவிட்டு அறுவடைக்காகக் காத்திருக்கும் மாதங்களில், ஒரு சேவலை விற்றுக் குழந்தைக்கு மருந்து வாங்கிய தாய்மார்கள் எத்தனையோ பேர். முயல் அவ்வளவு பழகிய பிராணியன்று. எனினும் சிறிய இடத்தில், புல்லையும் தழையையும் கொண்டே வளர்க்கக்கூடியது என்பதால் அதிலும் பலர் நாட்டம் கொண்டுள்ளனர். இவ்விரண்டையும் ஒரே கூட்டில் விடலாமா என்பதுதான் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி.

ஒரே புறக்கடையில் வளர்க்கலாம். ஒரே கூட்டில் வளர்க்கக் கூடாது. கூடு ஒன்றானால் செலவு குறையும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அவ்விதம் மீதமாகும் பணம், ஓர் ஈற்றுக் குட்டிகள் மடிந்தால் அத்துடன் போய்விடும்.

இரு பிராணிகளின் சுபாவம் முற்றிலும் வேறு. பொழுது சாய்ந்ததும் கோழி அடைந்துவிடும். முயலோ அந்நேரத்தில்தான் சுறுசுறுப்புக் கொள்ளும். சேவல் சிறகடித்தால் முயல் வெருண்டு ஓடும். முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாட்கள். குட்டிகள் மயிரின்றி, கண் திறவாமல் பிறக்கின்றன. கண் திறக்கப் பத்து நாட்களுக்கு மேலாகும். இந்நிலையில் கோழி உள்ளே நுழைந்தால் புழுவைக் கொத்துவது போல் அவற்றைக் கொத்திவிடும். ஈன்ற தாய் கலவரமடைந்தால் தன் குட்டிகளைத் தானே மிதித்துக் கொல்வதும், தின்றுவிடுவதும் உண்டு. வளர்ப்பவர் பிராணியின் மேல் பழி சுமத்துவார். பழி உண்மையில் கூட்டின் அமைப்பைச் சேர்ந்தது.

தீவன விஷயம் இதைவிட முக்கியமானது. ஒரு வீட்டில் முயல்களுக்கு முட்டைக் கோழித் தீவனத்தையே நாள்தோறும் வைத்து வந்ததைக் கண்டேன். “நல்ல தீவனந்தானே, விலை கொடுத்து வாங்கியது” என்றார் அவ்வீட்டுக்காரர். கோழிக்கு அது நல்ல தீவனந்தான். முட்டை ஓட்டுக்காக அதில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் சுண்ணாம்புச் சத்து சேர்க்கப்படுகிறது. முயலுக்கு ஒரு பங்கே மிகுதி. உண்ட சுண்ணாம்பில் பெரும் பகுதியை முயல் சிறுநீரின் வழியே வெளியேற்றுகிறது. ஆகையால் மிகுதியானது மூத்திரப் பையில் மணலாகவும் கல்லாகவும் படியக்கூடும். மேலும் முயலின் குடல் நார்ச்சத்துக்காக அமைந்தது. தானியமும் குருணையும் மிகுந்தால் கழிச்சல் கண்டு ஓரிரு நாட்களில் இறந்துவிடும்.

இன்னொரு அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. கோழிக் குஞ்சுகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கடைத் தீவனங்களில் மருந்து கலப்பதுண்டு. அவற்றுள் நராசின், சாலினோமைசின் ஆகியவை முயலுக்கு நஞ்சு. இரத்தக் கழிச்சல் கோழியிடமிருந்து முயலுக்குத் தொற்றும் என்று பலர் அஞ்சுகின்றனர். கோழியைத் தாக்கும் அக்கிருமி வகை வேறு, முயலைத் தாக்கும் வகை வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அது பரவுவதில்லை. அஞ்ச வேண்டியது அந்த நோய்க்காக அன்று. அதற்காகக் கலந்த மருந்துக்காக.

அதனால் நோயே பரவாது என்று கொள்ளலாகாது. பாஸ்டுரெல்லா என்னும் கிருமி முயலின் மூக்கில், நோய்க்குறி ஏதும் காட்டாமலே தங்கியிருக்கும். கோழிகளில் காலரா நோயை உண்டாக்குவதும் அதே இனக் கிருமிதான். கோழி எச்சத்திலுள்ள சால்மொனெல்லா கிருமி முயலை மட்டுமின்றி மனிதரையும் தாக்கும். தண்ணீர்ப் பாத்திரங்கள் வெவ்வேறாக இருப்பதும், கூட்டைத் துப்புரவு செய்தவர் கை கழுவுவதும் அவசியம்.

முயல் கூண்டைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், நிழலான இடத்தில் அமைக்க வேண்டும். வளர்ந்த முயல் ஒன்றுக்கு இரண்டரை அடி நீளமும் இரண்டடி அகலமும் போதும். அடியில் கம்பி வலை இருந்தால் புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும். கால் புண்ணாகாதிருக்க ஒரு மூலையில் பலகைத் துண்டு போடவும். சினையான 27 அல்லது 28-ஆம் நாளில் வைக்கோல் பரப்பிய சிறு பெட்டியை உள்ளே வைத்தால், தாய் தன் மயிரைப் பறித்து மெத்தை செய்துகொள்ளும். கோழிகளுக்கு வழக்கமான பஞ்சாரமோ அடைப்புள்ள கூடோ சற்றுத் தொலைவில் இருக்கட்டும். கீரியும் பூனையும் நாயும் இரண்டுக்கும் பொதுப் பகை.

வெளிநாட்டுப் பண்ணைகள் சிலவற்றில் முயல் கூண்டின் கீழே கோழிகளை விடுகிறார்கள். கோழி கிளறுவதால் எரு உலர்ந்து, ஈயும் புழுவும் குறைகின்றன. யோசனை நல்லதே. ஆனால் அங்கே உலர்ந்த மரத்தூளைத் தரையில் கனமாகப் பரப்புகிறார்கள். மூத்திரம் ஊறிய நம் ஈர மண்ணில் எழும் அம்மோனியா நெடி இரு பிராணிகளின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். நாள்தோறும் வாரி எருக்குழியில் போடுவதே நமக்கு ஏற்றது. முயல் புழுக்கை சூடற்ற எரு. கோழி எச்சமோ நன்கு மக்கிய பின்பே பயிருக்கு ஆகும்.

நல்ல வகை முயல்கள் நீலகிரியில் சாண்டிநல்லாவிலும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையங்களில் வளர்க்கப்படுகின்றன. இரண்டும் குளிர்ந்த இடங்கள் என்பதை மறக்கலாகாது. முயலுக்கு வியர்ப்பதில்லை, காது வழியாகவே உடற்சூட்டைத் தணிக்கிறது. வெப்பம் 30 டிகிரி செல்சியசைத் தாண்டினால் தவிக்கும். ஆண் முயல்கள் சில வாரங்களுக்கு இனவிருத்தித் திறன் இழப்பதும் உண்டு. சமவெளிக் குடியானவர்கள் சித்திரையில் முயல் வாங்காமல், மழைக்குப் பின் வாங்குவது நலம். கோடையில் கீற்றுக் கூரையும், ஈரச் சாக்கும், நாள் முழுவதும் தண்ணீரும் வேண்டும். அகத்தி, முள்முருங்கை, வேலிமசால், அருகம்புல் ஆகியவற்றைப் பனி ஈரம் போகச் சிறிது வாடவிட்டுக் கொடுக்கவும்.

காட்டு முயலைப் பிடித்து வளர்க்க எவரேனும் முனைந்தால் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தடுக்க வேண்டும். அது வேறு இனம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

அங்கத்தினர்கள் செய்யக்கூடிய வேறொரு பெரிய உதவியும் உண்டு. ராணிக்கெட் எனும் வெள்ளைக் கழிச்சல் ஒரு வீட்டில் கண்டால் தெருவே காலியாகிவிடும். நான்கு வீட்டுக்காரர் மட்டும் தடுப்பூசி போட்டுக்கொண்டால் ஐந்தாம் வீட்டில் நோய் தங்கும். ஆகவே கால்நடை மருத்துவருடன் நாள் குறித்து, முன் தினமே ஊரில் அறிவித்து, கோழிகளை விடியற்காலையில் திறந்துவிடாமல் பஞ்சாரத்திலேயே வைத்திருக்கச் சொல்ல வேண்டும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொணர வேண்டும். கலக்கிய பின் அதிக நேரம் தாங்காது. கோழிகள் மேயச் சென்ற பிறகு ஊசியுடன் வந்தால், பாதிக் கோழிகளும் பாதி மருந்தும் வீணாய்ப் போகும்.