டிஜே கன்ட்ரோலர் வாங்குவதற்கு முன்…

கண்டியில் கல்யாணங்களுக்குப் பாட்டுப்போட ஆரம்பிக்கும் இளைஞர்கள் பலரும் என்னிடம் கேட்பது, "எந்தக் கன்ட்ரோலர் நல்லது?" என்றுதான். மென்பொருளை முதலில் முடிவுசெய்யுங்கள் என்பதே என் பதில்.

கன்ட்ரோலர் கட்டளை அனுப்புகிறது. பாட்டைக் கலப்பது மடிக்கணினியில் உள்ள மென்பொருள். பாட்டுகளில் நீங்கள் போட்டுவைக்கும் அடையாளங்களும் அதிலேயே தங்கும். பிறகு மென்பொருளை மாற்றினால் அவை முழுதாக வந்துசேருவதில்லை.

பழைய பயனியர் டிடிஜே-400 ரெகார்ட்பொக்ஸுக்காகவும், டிடிஜே-எஸ்பி3 செராட்டோவுக்காகவும் செய்யப்பட்டவை. பின்னர் வந்த எஃப்எல்எக்ஸ்4 இரண்டிலும் இயங்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

மாதச்சந்தா டொலரில் போகும். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. தோட்டத்துக் கல்யாணங்களில் சிக்னலை நம்பமுடியாது. பாட்டுகள் கணினியிலேயே இருக்கட்டும்.

பைலாவிலும் பழைய சினிமாப் பாட்டுகளிலும் தாளம் மனிதர் வாசித்தது. வேகம் சற்றுக் கூடிக்குறையும். அங்கே 'சிங்க்' பொத்தான் தடுமாறும், காதுதான் கைகொடுக்கும்.

இலவச மென்பொருளான மிக்ஸை முதலில் விசைப்பலகையில் பழகுங்கள். கடன்பட்டுக் கன்ட்ரோலர் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.