தோலில் விழும் கோடுகள் சொல்லும் சேதி

படை, தேமல், கொப்புளம் என்று நமக்குத் தெரிந்த தோல் நோய்களில் பெரும்பாலானவை வட்டமாகவோ திட்டுத் திட்டாகவோ வரும். சில மட்டும் கோடு போட்டாற்போல் வரும். சில, உடம்பின் ஒரு பாதியில் பட்டையாக ஓடி, நடுவில் வந்ததும் நின்றுவிடும். கோடு விழுந்திருக்கிறது என்றால் அதற்கு ஏதோ ஒன்று வழி காட்டியிருக்க வேண்டும். எது வழி காட்டியது என்று தெரிந்துவிட்டால் நோயைப் பாதி கண்டுபிடித்த மாதிரிதான்.

வெளியிலிருந்து விழும் கோடு

மலாய் மொழியில் 'செமுட் கயாப்' என்றும் பேச்சு வழக்கில் 'சார்லி' என்றும் சொல்லும் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். 'செமுட்' என்றால் எறும்பு. ஆனால் இது எறும்பு அல்ல, ஒரு வகை வண்டு. நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆரஞ்சும் கறுப்பும் கலந்த உடம்பு. நடுவில் நீலமாக மின்னும் குட்டை இறக்கை உறை. வயல்வெளியில் வாழும் இது, இரவில் விளக்கு வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் வரும்.

இந்த வண்டு கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊர்கிறதே என்று நாம் நசுக்கித் தேய்க்கும்போதுதான் அதன் உடம்பில் உள்ள 'பெடரின்' என்ற நச்சு நம் தோலில் பூசப்படுகிறது. கை எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம் கோடு விழும். உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் சிவந்து, எரிந்து, கொப்புளம் கிளம்பும். ஆகவே சார்லி மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள். தெரியாமல் நசுக்கிவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

நரம்பு போடும் பட்டை

'கயாப்' என்ற மலாய்ச் சொல்லுக்கு அக்கி என்று பொருள். வண்டு போடும் கொப்புளக் கோடு அக்கியைப் போலவே இருப்பதால்தான் வண்டுக்கு அந்தப் பெயர். ஆனால் உண்மையான அக்கி உள்ளேயிருந்து வருவது.

சின்னம்மை ஆறிய பிறகும் அந்தக் கிருமி நம்மை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். முதுமையிலோ, உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ விழித்துக்கொள்ளும். விழித்த கிருமி ஒரே ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு இறங்கி வரும்.

முதுகுத்தண்டிலிருந்து 31 இணை நரம்புகள் கிளம்புகின்றன. ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் தோலில் ஒரு பட்டை சொந்தம். தொப்புள் இருக்கும் பட்டை பத்தாவது மார்பு நரம்புக்கு உரியது. வலப்பக்க நரம்பு வலப்பக்கத் தோலை மட்டுமே பார்த்துக்கொள்ளும். 1900இல் ஹென்றி ஹெட், கேம்பெல் என்ற இரண்டு மருத்துவர்கள் அக்கி நோயாளிகளை ஆராய்ந்துதான் இந்தப் பட்டைகளின் வரைபடத்தை உருவாக்கினார்கள். நோயே நரம்பின் வரைபடத்தைத் தோலில் எழுதிக் காட்டியது!

அக்கி இடுப்பைச் சுற்றி வந்து இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. சீனர்களிடமும் இதை ஒரு பாம்பாக நினைக்கும் பழக்கம் இருக்கிறது. அக்கி பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. அந்த நரம்பின் எல்லை அங்கேயே முடிந்துவிடுகிறது. அரிதாக இரண்டு பக்கமும் வந்தாலும், முனைகள் சேர்வதால் யாரும் இறப்பதில்லை.

தமிழ்நாட்டில் குயவரிடம் போய்க் காவியைக் குழைத்து 'அக்கி எழுதும்' வழக்கம் உண்டு. இரண்டு முதல் நான்கு வாரத்தில் கொப்புளம் தானாகவே ஆறிவிடும் என்பதால் எழுதியதால்தான் ஆறியது என்று தோன்றும். உண்மையான சிக்கல் பிறகு வருகிறது. கொப்புளம் ஆறியும் நரம்பு வலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். கிருமிக்கு எதிரான மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் கொப்புளமும் வந்தால், அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ வந்தால் பார்வைக்கே ஆபத்து. ஒரு நாளும் தள்ளிப் போடக்கூடாது.

கருவிலேயே போட்ட கோடு

1901இல் ஆல்ஃபிரட் பிளாஷ்கோ என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர், கோடாக வரும் மச்சங்களும் தோல் நோய்களும் உள்ள நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து, எல்லாக் கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்தார். முதுகில் ஆங்கில 'வி' எழுத்து போலவும், வயிற்றோரம் 'எஸ்' போலவும், கை கால்களில் நீளவாட்டிலும் கோடுகள் ஓடின. இவை நரம்பின் பாதையும் அல்ல, இரத்தக் குழாயின் பாதையும் அல்ல.

நாம் கருவாக இருந்தபோது தோல் செல்கள் பெருகி நகர்ந்த தடங்களே இவை. அப்போது ஒரு செல்லில் மரபணு மாற்றம் நேர்ந்தால், அதன் வழி வந்த செல்கள் எல்லாம் அந்தத் தடத்திலேயே வரிசையாக நிற்கும். இந்தக் கோடுகள் நம் எல்லார் உடம்பிலும் உண்டு. நோயோ மச்சமோ வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

சிறுவர்களுக்குக் கையிலோ காலிலோ சிறு பருக்கள் கோடாக வந்து, சில மாதங்களில் தானே மறைவதுண்டு. அதற்குப் பயப்பட வேண்டாம். தோல் கோடாக இறுகி, பளபளத்து, குழி விழுந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வளரும் வயதில் அது கை காலின் வளர்ச்சியைக்கூடத் தடுக்கும்.

வகுப்பறையில் ஒரு வார்த்தை

வெண்புள்ளியிலும் ஒரு பக்கத்தில் மட்டும் வரும் வகை உண்டு. பெரும்பாலும் பள்ளி வயதிலேயே தொடங்கி, ஓரளவு பரவிய பிறகு நின்றுவிடும். நிறமி செல்கள் அழிவதுதான் காரணம். அது தொழுநோய் அல்ல. தொட்டால் ஒட்டாது, பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒட்டாது. ஆனால் 'அவன் பக்கத்தில் உட்காராதே' என்ற பேச்சு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வேகமாகத் தொற்றும். அந்தத் தொற்றை நிறுத்த மருந்து தேவையில்லை. உங்கள் வகுப்பில் அப்படி ஒரு நண்பர் இருந்தால், நாளைக்கே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.