திறன்பேசியில் ஆவணக் கோப்புகளை மாற்றுதலும் திருத்துதலும்

ஒரு வகைக் கோப்பில் உள்ள செய்தியை வேறொரு வகைக் கோப்பாக ஆக்குவது கோப்பு மாற்றம் எனப்படும். வேர்டு கோப்பைப் பிடிஎஃப் ஆக்குவதும், ஒளிப்படமாக எடுத்த பக்கத்தைத் தட்டச்சு செய்த எழுத்தாக்குவதும் இதில் அடங்கும். இவற்றுக்கு முன்பு கணினி தேவைப்பட்டது. இன்று பெரும்பாலும் திறன்பேசியே போதும். ஆயினும் ஆங்கிலக் கோப்பில் சிக்கலின்றி நடக்கும் சில மாற்றங்கள் தமிழில் எழுத்துகளைச் சிதைத்துவிடுகின்றன. காரணம் தெரிந்தால் பெரும்பாலான சிதைவுகளைத் தவிர்க்கலாம்.

கோப்பு வகைகள்

வேர்டு கோப்பு திருத்துவதற்காக அமைந்தது. 2007ஆம் ஆண்டு ஆபிசு பதிப்புடன் வந்த டாக்எக்ஸ் என்னும் வடிவம் உண்மையில் ஒரு சுருக்கப்பட்ட பொதி. அதனுள் எழுத்து ஒரு கோப்பிலும், படங்கள் தனி உறையிலும் இருக்கும். கோப்புப் பெயரின் பின்னொட்டை 'ஜிப்' என மாற்றித் திறந்தால் படங்களை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளலாம்.

பிடிஎஃப் அச்சுத் தாளைப் போன்றது. அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட இவ்வடிவம் 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்னும் பன்னாட்டுத் தரமானது. எந்தக் கருவியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். திருத்துவதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதன்று.

பின்னொட்டை மாற்றுவது கோப்பை மாற்றுவதாகாது. 'பிடிஎஃப்' என்று முடியும் பெயரை 'டாக்எக்ஸ்' என்று திருத்திவிட்டு, கோப்பு திறக்கவில்லை என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. பெயர்ப்பலகையை மாற்றினால் கடையில் உள்ள சரக்கு மாறாது.

வேர்டிலிருந்து பிடிஎஃப்

இது எளிது. கூகுள் டாக்ஸ் செயலியில் கோப்பைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'ஷேர் அண்டு எக்ஸ்போர்ட்' என்பதில் 'சேவ் அஸ்' தேர்ந்தால் பிடிஎஃப் கிடைக்கும். இணையம் இல்லாத இடத்தில் கொலாபரா ஆபிசு என்னும் கட்டற்ற செயலி உதவும்.

அச்சிடக் கொடுக்கும்போது பிடிஎஃப் கொடுப்பதே நல்லது. விண்டோசில் லதா எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத திறன்பேசியில் வேறு எழுத்துருவில் திறக்கும். வரிகள் நகரும், 20 பக்கம் 22 பக்கமாகும், பொருளடக்கத்தில் உள்ள எண்கள் பொருந்தாமல் போகும்.

பிடிஎஃபிலிருந்து மீண்டும் வேர்டு

தமிழுக்கு இடர் வருவது இங்கேதான். 'கொடு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் 'கொ' என்பது 'க' முதலிலும், அதன்பின் ஒகரக் குறியும் என்ற வரிசையில் பதிவாகிறது. நாம் ஒலிக்கும் வரிசையும் அதுவே. திரையில் வரையும்போது கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் பிரிந்து நிற்கின்றன. பிடிஎஃப் இப்படி வரையப்பட்ட வடிவங்களையும் அவை நிற்கும் இடங்களையும் வைத்திருக்கிறது. எந்த வடிவம் எந்த எழுத்து என்னும் அட்டவணை சில கோப்புகளில் இருக்கும். சிலவற்றில் இருக்காது, அல்லது குறையாக இருக்கும்.

மாற்றும் செயலி இடமிருந்து வலமாக வடிவங்களைப் பொறுக்கினால் கொம்பு முன்னே வந்துவிடும். 'கொடு' என்பது 'ெகாடு' ஆகிவிடும். கண் இதைச் சமாளித்துப் படித்துவிடும். ஆனால் கோப்பில் 'கொடு' என்று தேடினால் அகப்படாது. அகரவரிசைப்படுத்தினாலும் தவறான இடத்தில் நிற்கும். நூறு பக்க ஆய்வேட்டில் இப்படி நேர்ந்தால் கையால் திருத்தி முடிக்க நாள்கணக்காகும்.

ஆகவே பிடிஎஃப் ஆக்கியபின் மூல வேர்டு கோப்பை அழிக்கக் கூடாது. திறன்பேசியில் இடம் போதவில்லை என்று பலர் முதலில் அழிப்பது அதைத்தான். எழுத்து மட்டும் உள்ள வேர்டு கோப்பு ஓர் ஒளிப்படத்தின் அளவுகூட வராது.

பழைய எழுத்துருக் கோப்புகள்

ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி, டாம், டாப், திஸ்கி எனப் பல குறியேற்ற முறைகள் வழக்கில் இருந்தன. சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக்கியது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் தட்டச்சான கோப்புகள் பள்ளிகளிலும் அச்சகங்களிலும் இன்னும் உள்ளன.

பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருப்பார்கள். எம் என்னும் ஆங்கில எழுத்தின் இடத்தில் 'அ' இருக்கும்; அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்துப் புள்ளி இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத திறன்பேசியில் பக்கம் முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அதை அழித்துவிட வேண்டாம். எழுத்தை நகலெடுத்து, பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றியில் ஒட்டி, உரிய முறையைத் தேர்ந்தால் ஒருங்குறித் தமிழ் கிடைக்கும். எந்த முறை என்று தெரியாவிட்டால் ஒரு வரியை மட்டும் ஒட்டி ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். இடையில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாகிக் குழம்பும். அவற்றை மட்டும் பின்னர்த் திருத்த வேண்டும்.

படத்திலிருந்து எழுத்து

வருடிய பக்கத்தில் இருப்பது படம். அதை எழுத்தாக்க எழுத்துணரி வேண்டும். கூகுள் டிரைவில் ஏற்றிய படத்தையோ பிடிஎஃபையோ கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்தால் தமிழையும் படித்துத் தரும். டிரைவ் செயலியில் இவ்வசதி இல்லை; குரோம் உலாவியில் 'டெஸ்க்டாப் சைட்' தேர்ந்து டிரைவைத் திறந்து முயல வேண்டும். கோப்பு 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. கொம்பு இடம்மாறிச் சிதைந்த பிடிஎஃபுக்கும் இதுவே சிறந்த வழி: பக்கங்களைப் படமாக்கி எழுத்துணரியிடம் கொடுத்தால் எழுத்துகள் பெரும்பாலும் சரியான வரிசையில் வரும்.

வந்ததை அப்படியே நம்பக் கூடாது. 'ர'வும் துணைக்காலும் இடம்மாறும், மெய்ப்புள்ளி விடுபடும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல்களில் உள்ள பழைய 'லை', 'னை' வடிவங்களில் தடுமாற்றம் கூடும். தமிழ் விக்கிமூலத்திலும் நாட்டுடைமை நூல்களை எழுத்துணரியால் எழுத்தாக்கியபின் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கிறார்கள்.

பிடிஎஃபைத் திருத்தலும் மறைத்தலும்

கட்டணமில்லாச் செயலிகளில் பெரும்பாலும் பிடிஎஃபின் மேல் எழுதலாம், கோடிடலாம், கையொப்பமிடலாம். உள்ளிருக்கும் வாக்கியத்தை மாற்றுவது கடினம். மூல வேர்டு கோப்பில் திருத்தி மீண்டும் பிடிஎஃப் ஆக்குவதே விரைவு.

எண்ணையோ முகவரியையோ மறைக்கும்போது கவனம் வேண்டும். எழுத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் எழுத்து அழிவதில்லை. அந்த இடத்தைத் தேர்ந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் எண் வெளிப்படலாம். பக்கத்தைத் திரைப்படியாக எடுத்து, அந்தப் படத்தில் முழு அடர்த்தியுள்ள நிறத்தால் மூடிச் சேமித்தபின் பிடிஎஃப் ஆக்க வேண்டும். ஒளி ஊடுருவும் பேனாவால் பூசினால், பிறர் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்துவிடலாம். ஆதாருக்கு இந்தத் தொல்லை தேவையில்லை. கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளமே தருகிறது.

கோப்பு மாற்றித் தரும் இணையதளங்களில் ஏற்றும் கோப்பு வேறொருவரின் கணினிக்குச் செல்கிறது. பாடக் குறிப்பு என்றால் பரவாயில்லை. மதிப்பெண் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவ அறிக்கை ஆகியவற்றைத் திறன்பேசிக்குள்ளேயே மாற்றிக்கொள்வது நல்லது. ஆண்டிராய்டில் 'பிரிண்ட்' கட்டளையில் 'சேவ் அஸ் பிடிஎஃப்' தேர்ந்தால், படமாக உள்ள சான்றிதழை எந்தத் தளத்திலும் ஏற்றாமலே பிடிஎஃப் ஆக்கலாம்.

மின்கையொப்பமிட்ட சான்றிதழில் ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்தாலும் அக்கையொப்பம் செல்லாது. அத்தகைய கோப்பைப் பதிவிறக்கியபடியே அனுப்ப வேண்டும். வாட்சாப்பில் படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' என்பதைத் தேர்ந்து அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும்.