நாணம் தடுக்கலாமா?

பெர்ன்ஹில் போன்ற சிறிய மலையூரில் குடிப்பவரை எல்லோரும் அறிவர். ஆயினும் குடியை விட உதவி தேடுவதற்கே அவர் நாணுகிறார்! விந்தையல்லவா?

1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமுலாயிற்று. சட்டம் கடையை மூடிற்று. தாகத்தைத் தணிக்கவோ தோழமை வேண்டும். இதை 1935-லேயே அமெரிக்காவில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரு குடியர்கள் கண்டறிந்தனர். தம் துயரத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே மருந்தாயிற்று.

அவர்கள் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள் இன்று தமிழகத்திலும் நடைபெறுகின்றன. கட்டணமில்லை, முழுப் பெயரும் சொல்ல வேண்டியதில்லை, குடியை விடும் விருப்பம் ஒன்றே போதும். அருகில் எங்கே கூடுகிறார்கள் என்பதை வைத்தியரிடம் விசாரிக்கலாம். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்துவது அபாயமாகலாம். ஆகையால் முதலில் வைத்தியரைக் காண்பதே நலம்.

சகோதரிகளே! வசைமொழியை விட்டு, முதல் நாள் கூட்டத்தின் வாசல் வரை துணை செல்லுங்கள்.