கைவிடப்பட்ட வழக்கும் கலையாத பதிவும்

நம் அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலர் படித்துத் தேறி அரசாங்க வேலைகளுக்கு மனுச் செய்து வருகின்றனர். கொல்லிமலையின் பதினான்கு நாடுகளிலும் இது மகிழத்தக்க மாறுதலேயாகும். ஆயினும், மனுத்தாளில் வரும் ஒரு கேள்வி பல குடும்பங்களைத் திகைக்க வைக்கின்றது. ‘உம்மீது எப்போதேனும் குற்ற வழக்குப் பதிவாகியதுண்டா?’ என்பதே அக்கேள்வி. ‘வழக்கைத்தான் அரசாங்கமே கைவிட்டுவிட்டதே, இனி அதை எழுதுவானேன்?’ என்று கருதி ‘இல்லை’ என எழுதுவோர் உளர். அவ்வாறு எழுதுவது எத்துணைப் பெரிய இடரில் கொண்டுபோய் விடும் என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது விதிக்கப்பட்ட ஊரடங்கை எவரும் மறந்திரார். சந்தைக்குச் சரக்குக் கொண்டு போனவர், நூல் வாங்கப் போனவர், வெறுமனே வண்டியில் வெளியே வந்தவர் எனப் பலதிறத்தார்மீதும் தமிழகமெங்கும் ஏறத்தாழப் பத்து லட்சம் வழக்குகள் பதிவாயின. 2021 பிப்ரவரி 19 அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி, இவ்வழக்குகள் கைவிடப்படும் என்று கடையநல்லூரில் அறிவித்தார். வன்முறை, போலி இ-பாஸ், போலீசாரைப் பணி செய்யவிடாது தடுத்தல் ஆகியவை பற்றிய வழக்குகள் மட்டும் விலக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், சேலம்–சென்னை எட்டுவழிச் சாலையை எதிர்த்தோர் உள்ளிட்ட அறவழிப் போராட்டக்காரர்மீதான வழக்குகளும் திரும்பப் பெறப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அறிவிப்பு வேறு, வழக்கு முடிவது வேறு. இதனை நம்மவர் பலர் உணர்வதில்லை. புலன்விசாரணை நடந்துகொண்டிருந்த வழக்காயின், மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று போலீசார் இறுதி அறிக்கை அனுப்ப, மாஜிஸ்திரேட்டு அதனை ஏற்க வேண்டும். நீதிமன்றத்தில் ஏறிவிட்ட வழக்காயின், அதனை நடத்தும் அரசு வழக்கறிஞர் மனுக் கொடுத்து, நீதிமன்றத்தின் இசைவைப் பெற்றே திரும்பப் பெறலாகும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 321ஆம் பிரிவு கூறியதும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 360ஆம் பிரிவு கூறுவதும் இதுவே. அந்த இசைவு வெறும் சடங்கன்று. கேரளச் சட்டமன்றத்தில் நடந்த அமளி பற்றிய வழக்கைத் திரும்பப் பெற அம்மாநில அரசாங்கமே விரும்பியும், 2021 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு இடந்தரவில்லை.

நீதிமன்றம் இசைந்தாலும் எல்லா உத்தரவும் ஒரே தன்மையதன்று. குற்றச்சாட்டு வனையப்படுமுன் திரும்பப் பெற்றால் அது ‘விடுவிப்பு’. வனையப்பட்ட பின்னராயின் ‘விடுதலை’. விடுதலை பெற்றவரை அதே குற்றத்திற்காக மீண்டும் விசாரிக்கலாகாது. விடுவிப்புக்கு அத்துணை வலிமை இல்லை. ஆகவே, தம் உத்தரவில் எச்சொல் உள்ளது என்பதை ஒவ்வொருவரும் படித்தறிந்து கொள்ளல் வேண்டும்.

இனிப் பதிவுக்கு வருவோம். முடிந்த வழக்கின் சுவடு முழுவதையும் துடைத்துவிடப் பொதுவான சட்டம் ஒன்றும் நம் நாட்டில் இல்லை. முதல் தகவல் அறிக்கை காவல் நிலையத்திலும், இந்நாளில் கணினியிலும் இருந்துகொண்டேயிருக்கும். கைரேகைக்கும் புகைப்படத்திற்கும் மட்டும் ஒரு வழி உண்டு. 2022ஆம் ஆண்டின் குற்ற நடைமுறை அடையாளச் சட்டம் அவற்றை எழுபத்தைந்து ஆண்டு வைத்திருக்க அனுமதிக்கின்றது. எனினும், முன்னர்த் தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடப்பட்டாலோ, விடுவிப்போ விடுதலையோ பெற்றாலோ, மேல்முறையீட்டு வழிகளெல்லாம் முடிந்தபின், நீதிமன்றம் காரணம் எழுதி வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி அவை அழிக்கப்பட வேண்டும் என்றும் அச்சட்டமே விதிக்கின்றது. இதனைக் கேட்டுப் பெறுவோர் அரியர் என்பது நம் எண்ணம். குற்றம் நிகழ்ந்தபோது பதினெட்டு வயது நிரம்பாதிருந்தவர்க்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் நல்ல காப்பளிக்கின்றது. முடிந்துபோன அவர்தம் வழக்கைப் போலீசார் நன்னடத்தைச் சான்றுக்காக வெளியிடவே கூடாது.

விடுதலை பெற்ற ஒருவர், இணையத்திலுள்ள தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2021இல் தனி நீதிபதி அதற்கு மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் நீக்க உத்தரவிட்டனர். அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை நிறுத்தி வைத்தது. குற்றமற்றவர் எனத் தீர்ப்பானவர்க்கே இத்துணை அலைச்சல்!

ஆதலின் வேலைக்கான மனுவில் உள்ளதை உள்ளபடி எழுதுவதே தக்கது. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்கு விவரங்களை மெய்யாகவே கூறவேண்டும் என்றும், அற்ப வழக்காயின் மறைத்த பிழையையும் வேலை தருவோர் பொறுக்கலாம் என்றும், விடுதலையானவரையும் அவர்கள் ஆராய்ந்து முடிவு செய்யலாம் என்றும் வகுத்தது. ‘பொறுக்கலாம்’ என்றதேயன்றிப் ‘பொறுத்தாக வேண்டும்’ என்னவில்லை. தமிழ்நாட்டுப் போலீஸ் வேலைக்கான விதி இன்னும் கடுமையானது. சந்தேகத்தின் பயனாலோ, புகார் கொடுத்தவர் பிறழ்ந்ததாலோ தப்பியவரை அவ்விதி வழக்கில் ஈடுபட்டவராகவே கொள்கின்றது; 2008இல் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதனை நிலைநிறுத்திற்று. நம் இளைஞர் பெரிதும் விரும்பும் வேலையும் அதுவாகவே இருக்கின்றது.

செய்ய வேண்டுவது யாதெனில், வழக்கு எண்ணைக் கொண்டு நீதிமன்றத்தில் மனுச் செய்து, இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலைப் பெறுவதாகும். அதன் பிரதியொன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து, பதிவேட்டிலும் கணினியிலும் வழக்கு முடிந்ததைக் குறிக்குமாறு எழுத்து மூலம் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கிக்கொள்க. கைரேகை எடுத்திருந்தால் அதனை அழிக்குமாறும் அம்மனுவிலேயே கேட்கலாம். வேலை மனுவில் வழக்கைக் குறிப்பிட்டு நகலை இணைத்துவிடுக.

எழுபது கொண்டையூசி வளைவு இறங்கிக் கீழ்நாட்டு நீதிமன்றத்திற்குப் பலமுறை போய்வரக் கூலியும் பொழுதும் கெடும் என்பதை நாம் அறிவோம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பழங்குடியினருக்கும் பெண்டிருக்கும் வருமானம் எதுவாயினும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. 15100 என்னும் தொலைபேசி எண்ணில் அதனைக் கேட்கலாம். காலவரையறை கடந்த வழக்குக் கட்டுகளை நீதிமன்றங்கள் அழித்துவிடுவதுண்டு. 2020ஆம் ஆண்டு வழக்கில் பெயருள்ளோர் நகல் மனுவை இனியும் தாழ்த்த வேண்டா.