குளிர்காலத்தில் தோட்டப் பறவைகளுக்கு உணவிடல்

குளிர்காலத்தில் தோட்டப் பறவைகளுக்கு உணவிடல் என்பது, பனி நிலத்தை மூடியிருக்கும் மாதங்களில், வீட்டுத் தோட்டத்துக்கு வரும் காட்டுப் பறவைகளுக்கு விதை, கொழுப்பு முதலியவற்றை வைத்து, அவற்றை உற்றுநோக்கும் வழக்கம் ஆகும். கனடா, ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, வட ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் இது பரவலாக உள்ளது. இக்கட்டுரை வட அமெரிக்க வழக்கத்தையே முதன்மையாக விளக்குகிறது.

பறவைகளின் குளிர்கால நிலை

பனிக்காலத்தில் எல்லாப் பறவைகளும் தெற்கே வலசை போவதில்லை. கருந்தொப்பிச் சிக்கடீ ஏறத்தாழ 11 கிராம் எடையே உள்ள பறவை. ஆயினும் அது கனடாவின் குளிரிலேயே ஆண்டு முழுவதும் வாழ்கிறது. பகலில் ஏறத்தாழ 42 பாகை செல்சியசாக இருக்கும் உடல் வெப்பநிலையை, இரவில் 10 பாகை வரை குறைத்துக்கொண்டு அது ஆற்றலைச் சேமிக்கின்றது. பகலில் உண்டு சேர்த்த கொழுப்பு அந்த ஓர் இரவில் பெரும்பாலும் எரிந்துவிடும். திசம்பர் மாதத்தில் தெற்கு ஒன்ராறியோவில் பகற்பொழுது 9 மணி நேரம் மட்டுமே. அதற்குள் இழந்ததை மீட்காத பறவை அடுத்த காலையைக் காணாது. சிக்கடீ விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்து வைத்து, பின்னர் அவ்விடங்களை நினைவில் கொண்டு எடுத்துண்ணும் இயல்பும் உடையது.

உணவிடலால் பயன் உண்டா?

மனிதர் இடும் உணவு பறவைகளைச் சோம்பலாக்கும், அதை நிறுத்தினால் அவை இறந்துவிடும் என்ற அச்சம் நெடுங்காலமாக இருந்து வந்தது. மார்கரெட் பிரிட்டிங்காம், இசுடான்லி டெம்பிள் ஆகியோர் விசுக்கான்சின் மாநிலத்தில் சிக்கடீகளை ஆய்ந்து 1988 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தீனிக்கலங்களைப் பயன்படுத்திய பறவைகளுள் 69 விழுக்காடு குளிர்காலத்தைத் தாண்டின. அவ்வசதி இல்லாதவற்றுள் 37 விழுக்காடே தாண்டின. வெப்பநிலை −18 பாகைக்குக் கீழே சென்ற நாட்கள் மிகுந்த மாதங்களிலேயே இவ்வேறுபாடு பெரிதாக இருந்தது. மிதமான குளிரில் தீனிக்கலம் ஒரு வசதி. கடுங்குளிரில் அது உயிர்ப் பிரச்சினை.

இவ்விருவரும் 1992 இல் மற்றோர் ஆய்வையும் வெளியிட்டனர். 25 ஆண்டுகளாக உணவிடப்பட்டு வந்த ஓரிடத்தில் தீனிக்கலங்கள் அகற்றப்பட்டன. அங்கிருந்த சிக்கடீகள், ஒருபோதும் உணவிடப்படாத இடத்துச் சிக்கடீகளைப் போன்றே பிழைத்தன. எனவே பறவைகள் இயற்கை உணவைத் தேடும் திறனை இழப்பதில்லை எனக் கொள்ளலாம்.

உணவு வகைகள்

மிகுதியான பறவைகள் விரும்புவது கருநிறச் சூரியகாந்தி விதை. இதன் ஓடு மெல்லியது, கொழுப்பு மிகுதி. மரங்கொத்திகள் மாட்டுக் கொழுப்புக் கட்டிகளை நாடுகின்றன. பொன்னிறப் பிஞ்சு போன்ற சிறு குருவிகளுக்குப் பேயெள் ஏற்றது. யுங்கோ தரையில் சிந்தியதையே பெரிதும் உண்ணும்.

மலிவான கலவைப் பைகளில் செஞ்சோளம் நிறைந்திருக்கும். கிழக்குப் பகுதிப் பறவைகள் பல இதைத் தூக்கி எறிந்துவிடுவதால், பணம் மிச்சமாவதில்லை. கீழே குவியும் தானியம் அழுகி எலிகளையே ஈர்க்கின்றது. ரொட்டியில் சத்துக் குறைவு. உறையாத நீரும் உணவளவுக்கு அரிது என்பதால், சிலர் சூடேற்றும் நீர்த்தொட்டி வைப்பர்.

தீமைகள்

இயற்கையில் சிதறி வாழும் பறவைகளைத் தீனிக்கலம் ஓரிடத்தில் நெருக்குகிறது. 1994 இல் வாசிங்டன் நகர்ப்பகுதியில் வீட்டுப் பிஞ்சுகளிடம் கண் வீங்கி மூடும் நோய் தோன்றியது. கோழிகளிடம் காணப்படும் ஒரு பாக்டீரியாவே இதற்குக் காரணம். பார்வை இழந்த பறவை பசியாலோ, பூனை அல்லது பருந்திடம் சிக்கியோ இறக்கின்றது. ஆகவே ஏறத்தாழ இரு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பங்கு வெளுப்பானுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து தீனிக்கலத்தைக் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். நோயுற்ற பறவை காணப்பட்டால் சில காலம் உணவிடலையே நிறுத்துவது நன்று.

சன்னல் கண்ணாடியில் மோதுதல் மற்றொரு பெருந்தீங்கு. தீனிக்கலத்தைக் கண்ணாடிக்கு ஒரு மீட்டருக்குள் வைத்தால், பறவை வேகம் எடுக்குமுன் மோதுவதால் காயம் குறையும். இல்லையேல் பத்து மீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும். கரடிகள் வாழும் பகுதிகளில் இளவேனில் தொடங்கியதும் தீனிக்கலங்களை எடுத்துவிடுவர்.

கணக்கெடுப்பு

1976 இல் ஒன்ராறியோவில் லாங் பாயிண்ட் பறவை ஆய்வகம் தொடங்கிய தீனிக்கலக் கணக்கெடுப்பு, கார்னெல் பறவையியல் ஆய்வகத்துடன் இணைந்து 1987 இல் வட அமெரிக்கா முழுவதற்கும் விரிந்தது. இது பிராஜெக்ட் பீடர்வாட்ச் எனப்படுகிறது. இதன் விதி எளியது: ஒவ்வோர் இனத்திலும் ஒரே நேரத்தில் ஒன்றாகக் கண்ட மிகக்கூடிய எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். காலையில் இரண்டு, நண்பகலில் மூன்று, மாலையில் இரண்டு சிக்கடீகள் வந்தால், பதிவு ஏழு அன்று, மூன்று. ஒரே பறவை பலமுறை எண்ணப்படுவதை இது தவிர்க்கின்றது. பறவையே வராத நாளையும் பதிய வேண்டும்.

வராத பறவையைப் பதிவதன் பொருள் மாலைக் குரோசுபீக்கு என்னும் மஞ்சள் நிறப் பறவையின் செய்தியில் விளங்கும். 1988 முதல் 2006 வரையான இக்கணக்கெடுப்புத் தரவுகளில், அது காணப்பட்ட இடங்கள் பாதியாகக் குறைந்திருந்தன. 2016 இல் கனடாவின் அழிவாய்ப்புள்ள உயிரினங்களை மதிப்பிடும் குழு, இதனைச் சிறப்புக் கவனத்துக்குரிய இனமாக வகைப்படுத்தியது.