திருக மறுத்த குமிழ்! திணறிய ஆம்புலன்ஸ் டிரைவர்!!

கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குமிழ். அது திரும்ப மறுத்ததால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓர் ஆம்புலன்ஸ் நிலை தடுமாறியது. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் மயிரிழையில் உயிர் தப்பினார்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

நெஞ்சு வலி கண்ட ஒரு மூதாட்டியை ஏற்றிக்கொண்டு, அமைந்தகரையில் இருந்து சென்டிரல் எதிரே உள்ள அரசு பொது ஆஸ்பத்திரிக்கு ஒரு தனியார் ஆம்புலன்ஸ் பறந்து கொண்டிருந்தது. ஆபீஸ் விட்ட கூட்டம் மொத்தமும் ரோட்டில் இறங்கிய மாலை நேரம். பின்னால், அம்மாவின் கையைப் பிடித்தபடி மகன் உட்கார்ந்திருந்தார்.

சைரன் என்னவோ அலறிக்கொண்டுதான் இருந்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நீளமாக இழுக்கும் ஒலி. பச்சையப்பன் கல்லூரி சிக்னலை நெருங்கியதும், அதை மாற்றிப் படபடவென்று வெட்டி வெட்டி ஒலிக்க வைக்க வேண்டும். டிரைவர் இடது கையை நீட்டிக் குமிழைத் திருகினார். அசையவில்லை. இன்னும் அழுத்தித் திருகினார். ஊகூம்!

குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது எதிரே ஸ்கூட்டர்!

ஒரே பிரேக். பின்னால் இருந்த மகன் ஸ்டிரெச்சர் மீது விழுந்தார். ஸ்கூட்டர்காரர் திட்டிவிட்டு ஓரம் கட்டினார். நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை.

40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் தூரத்தைத் தாண்டிவிடும். இரண்டு வினாடி தலை குனிந்தால் இரண்டு பஸ் நீளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். கியர் போடுவதும் அதே இடது கைதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தவும் முடியவில்லை

கூத்து அதோடு முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. மூதாட்டியை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். சைரன் மட்டும் நிற்கவில்லை! அணைப்பதும் அந்தக் குமிழ்தானே?

"யோவ், நிறுத்துய்யா! உள்ளே நோயாளிங்க இருக்காங்க இல்லே?" என்று காவலாளி கத்தினார். டிரைவர் ஸ்குரூ டிரைவரால் குமிழை நெம்பினார். குமிழில் விரிசல் விழுந்ததுதான் மிச்சம். கடைசியில் பியூசைப் பிடுங்கித்தான் சத்தத்தை அடக்கினார்.

மூதாட்டி பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலை டிரைவர் புதுப்பேட்டைக்கு வண்டியைத் திருப்பினார்.

மூன்று குரல்

சைரனில் பொதுவாக மூன்று குரல்கள் உண்டு. டிரைவர்கள் பாஷையில் 'வெயில்', 'எல்ப்', 'ஹை-லோ'. (இந்த வெயில் சென்னை வெயில் அல்ல. ஓலமிடுவது என்று அர்த்தம்.) நீளமாக இழுக்கும் வெயில், காலி ரோட்டுக்கு. வெட்டி வெட்டி அடிக்கும் எல்ப், சந்திப்புக்கும் நெரிசலுக்கும். இரண்டே சுருதியில் மாறி மாறி ஒலிப்பது ஹை-லோ.

எதற்கு மூன்று? ஒரே ஒலியைத் தொடர்ந்து கேட்டால் காது அதற்குப் பழகிப்போகும். சட்டென்று குரல் மாறினால்தான் தலை திரும்பும். காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்கும் ஆசாமிகளை உசுப்ப இதைவிட்டால் வழி இல்லை. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஆனால் வழிவிட வேண்டும் என்றால் முதலில் காதில் விழ வேண்டுமே!

அந்தக் காலத்துத் தீயணைப்பு வண்டியில் பித்தளை மணிதான். கயிற்றைப் பிடித்து ஆட்டினால் கணகணவென்று ஊரே விலகும். பிறகு கையால் சுற்றும் சைரனும், மோட்டாரில் ஓடும் சைரனும் வந்தன. ஓட்டை போட்ட சக்கரம் காற்றை வெட்டி வெட்டித் தள்ளுவதால் எழும் ஓசை அது. 'சைரன்' என்று அதற்குப் பெயர் வைத்தவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி காக்னியார் டி லா டூர். வருடம் 1819. கடலில் இருந்து பாடி மாலுமிகளை மயக்கியதாகக் கிரேக்கர்கள் சொன்ன மோகினிகளின் பெயர் அது. அவருடைய கருவி தண்ணீருக்குள்ளும் ஒலித்ததாம்!

இப்போது சக்கரமும் இல்லை, மோட்டாரும் இல்லை. டாஷ்போர்டில் ஒரு பெட்டி, அதன் முகத்தில் ஒரு குமிழ். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கிய பிறகு இந்த ஒலி காதில் விழாத நாள் சென்னைவாசிக்கு ஏது?

"எண்ணெ ஊத்துனியா?"

கூவம் கரையோரம் இருக்கும் புதுப்பேட்டை, வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக அடுக்கி விற்கும் பேட்டை. அங்கே ஒரு சந்தில் ஆட்டோ எலெக்டிரிக் பட்டறை வைத்திருக்கிறார் ஒரு பெரியவர். எல்லோருக்கும் அவர் 'பாய்'.

"இன்னா பாய், திருப்பவே முடியலே. கை வலிக்குது" என்றார் டிரைவர்.

பாய் குமிழைத் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டு போனார். "எண்ணெ ஊத்துனியா?"

"லைட்டா... தேங்கா எண்ணெ."

"தலைக்குத் தேய்க்கிறதை எல்லாம் இதுல ஊத்தினா? மொத நாளு நல்லா சுத்தியிருக்குமே?"

"ஆமா பாய். ரெண்டு நாளு சூப்பரா இருந்திச்சு."

"அப்புறம் கோந்து ஆயிடுச்சி. அவ்ளோதான்."

குமிழ் இறுகுவதற்குக் காரணங்கள் பல. உள்ளே இருக்கும் தண்டுக்குக் கம்பெனியிலேயே கொஞ்சம் கிரீஸ் வைத்திருப்பார்கள். வெயிலில் நிற்கும் மூடிய வண்டியின் டாஷ்போர்டு தோசைக்கல் மாதிரி கொதிக்கும். கிரீசில் உள்ள எண்ணெய் வற்றி, சக்கை மட்டும் நிற்கும். அதோடு தூசி சேர்ந்தால் பிசின். சென்னையின் உப்புக் காற்று தண்டில் துருவை ஏற்றும். பிரேக் போடும்போது சிந்தும் டீயும் தன் பங்கைச் செய்யும்.

2020-ல் கொரோனா வந்தபோது இன்னொன்றும் சேர்ந்தது. ஆம்புலன்சுக்கு உள்ளே எல்லாம் ஹைப்போகுளோரைட் தண்ணீர் அடித்தார்கள். கிருமிக்கு எமன்தான். ஆனால் இரும்புக்கும் அது எமன்! குமிழின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கினால் தண்டை அரிக்காமல் விடாது.

பிரித்தார் பாய்

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். குமிழின் பக்கவாட்டில் கடுகு போல ஒரு ஸ்குரூ. அதை ஒரு சின்ன அல்லன் கீயால் தளர்த்திக் குமிழை உருவினார். வெறும் தண்டை விரலால் திருகிப் பார்த்தார்.

"சில வண்டியில இங்கியே வேலை முடிஞ்சிடும், தம்பி. குமிழை யாராச்சும் ரொம்ப உள்ள தள்ளி டைட் வெச்சிருப்பான். அது தகட்டுல உரசும். ஒரு விசிட்டிங் கார்டு போற அளவு சந்து விட்டு மாட்டினா போதும். காசு கூட வாங்க மாட்டேன்."

இந்த வண்டியில் அப்படி இல்லை. தண்டே இறுகிக் கிடந்தது. பெட்டியைத் திறந்து, நட்டைக் கழற்றி, சுவிட்சைத் தனியே எடுத்தார். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷை ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் முக்கித் தண்டைச் சுற்றித் தேய்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினார். பழுப்பு நிறத்தில் பிசின் கரைந்து வந்தது. துடைத்தார். மறுபடியும் தேய்த்தார். அரை மணி நேரம் இதே வேலை. உள்ளே மின்சாரம் தொட்டுப் பாயும் செம்புத் தகடுகளுக்குத் தனியாக ஒரு ஸ்பிரே. நன்றாகக் காய்ந்த பிறகு ஊசி முனையில் கிரீஸ் எடுத்துத் தண்டில் மட்டும் தடவினார்.

பெட்ரோல், மண்ணெண்ணெய் வைத்தியம் கூடவே கூடாதாம். பிளாஸ்டிக் பாகம் உப்பிப்போகும். தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. டப்பாவில் வரும் துரு நீக்கி ஸ்பிரேயும் இதற்கு ஆகாது என்பது பாயின் தீர்ப்பு. இருக்கிற கிரீசையும் கழுவிவிட்டுத் தூசியைக் கூப்பிடுமாம்.

'டக்' சத்தம்

டிரைவர் சுவிட்சை வாங்கித் திருகினார். "இன்னும் கொஞ்சம் லூசா விட்டா நல்லாருக்குமே பாய்?"

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "லூசு பண்ண ஒரு நிமிசம் போதும். அப்புறம் நீ எதுல நிக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

விஷயம் இதுதான். சுவிட்சுக்குள் சுருள் கம்பி ஒன்று சின்ன இரும்புக் குண்டை அழுத்திக்கொண்டு இருக்கிறது. திருகும்போது குண்டு ஒரு பள்ளத்தில் இருந்து அடுத்த பள்ளத்துக்குத் தாவும். அதுதான் 'டக்'. பழகிய டிரைவர் குமிழைப் பார்ப்பதே இல்லை. விரலில் படும் 'டக்'கை எண்ணுகிறார். ஒரு 'டக்' வெயில், இரண்டு 'டக்' எல்ப், மூன்று 'டக்' ஹை-லோ என்று கைக்குக் கணக்குத் தெரியும். கண் ரோட்டிலேயே இருக்கும்.

கிரீசை அள்ளி அப்பினாலும், சுருள் கம்பியைத் தளர்த்தினாலும் 'டக்' போய்விடும். இறுகிய குமிழ் எவ்வளவு ஆபத்தோ, வழுக்கும் குமிழும் அவ்வளவு ஆபத்து. புதிதாக வரும் சில பெட்டிகளில் குமிழுக்குப் பதில் வரிசையாகப் பித்தான்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே அளவு. எது எது என்று பார்க்கக் குனியத்தான் வேண்டும். இதை யார் யோசித்துச் செய்தார்களோ!

"உன் சுவிட்சு பொழைச்சிடுச்சி" என்றார் பாய். "குண்டு தேஞ்சிருந்தாலோ, உடம்பு வெடிச்சிருந்தாலோ ரிச்சி தெருவுலதான் வேற வாங்கணும். அப்போ பழசைக் கையில எடுத்துட்டுப் போ. எத்தனை நிலை, தண்டு உருண்டையா, ஒரு பக்கம் சீவினதான்னு பார்த்து வாங்கு. வாயால சொல்லி வாங்கினா நாலு தரம் நடப்பே."

வாயில் சாக்கு!

எல்லாம் மாட்டியாயிற்று. இனி சோதனை. அருகில் நின்று கேட்டால் சைரன் 100 டெசிபலுக்கு மேல் போகும். காதுக்குக் கேடு. தெருவுக்கோ திகில். பாய் ஒரு பழைய கோணிச் சாக்கைச் சுருட்டி, வண்டியின் மேலே இருந்த ஹார்ன் வாயில் திணித்தார். பேட்டரியை இணைத்தார். அமுங்கிய குரலில் சைரன் முனகியது. அதற்கே எதிர்க் கடை டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"கண்ணை மூடிக்க" என்றார் பாய்.

டிரைவர் கண்ணை மூடினார். கை நீண்டது. டக். நீண்ட முனகல். டக். படபடப்பு. டக். இரட்டைச் சுருதி. திரும்பி மூன்று டக். அமைதி.

விரிசல் விட்ட குமிழை எறிந்துவிட்டு, பழைய ரேடியோவில் இருந்து கழற்றிய ஒரு கறுப்புக் குமிழை மாட்டினார் பாய். நடுவில் வெள்ளைக் கோடு போட்ட குமிழ். இரவிலும் தெரியும். கூலி 200 ரூபாய்.

டிரைவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். பாய் கூப்பிட்டு நிறுத்தினார். அந்தச் சின்ன அல்லன் கீயை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இத டாஷ்போர்டுல போட்டு வை. மாசம் ஒரு தரம் அந்த ஸ்குரூவைப் பார்த்துக்க. மறுபடியும் ஸ்குரூ டிரைவரால நெம்பினேன்னா, இந்தச் சந்துப் பக்கமே வராதே!"

"சரி பாய்... மொதல்ல அந்தச் சாக்கை எடுங்க!" என்றார் டிரைவர்.